இழுத்தால் பொருந்தும் இணைகரம்

உட்கார இடம் இருந்தும் நான் நின்றுகொண்டே போனேன். நகரியில் ரயில் ஏறியதிலிருந்து புத்தூர் வரைக்கும் கதவோரம். புத்தூரிலிருந்து ரேணிகுண்டா வரைக்கும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடை. கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரம்மா ஒருத்தி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மூலமா? இப்டி குந்தேன்" என்று நகர்ந்து இடம் விட்டாள்.

"மூலமில்லம்மா, இன்டர்வியூ" என்றேன். பெட்டியே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தோளில் ஒரு துணிப்பை. உள்ளே துணியில் வெட்டிய ஐந்து வடிவங்கள்: சதுரம், செவ்வகம், மூன்று பக்கமும் சமமான முக்கோணம், வட்டம், இணைகரம். அன்றைக்குத் திருப்பதியில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குச் சமச்சீர்க் கோடு நடத்திக் காட்ட வேண்டும். டெமோ என்பார்கள். வேலைக்கு எடுப்பவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள். நன்றாக நடத்தினால் வேலை. இல்லாவிட்டால் "போன் செய்கிறோம்" என்பார்கள். இதற்கு முன் எட்டு டெமோ கொடுத்திருந்தேன். எட்டு இடத்திலும் போன் செய்கிறோம் என்றார்கள். என் போன் இன்னும் அதே நம்பர்தான்.

கணக்கில் பி.எஸ்சி., அதற்கு மேல் பி.எட். அரசாங்கத் தேர்வு வரும் வரும் என்று காத்திருந்தே முப்பத்துநாலு வயது. முந்தைய நாள் சாப்பிடும்போது நைனா, அதாவது என் அப்பா, தட்டிலிருந்து தலை தூக்காமலே சொல்லிவிட்டார்: "இதான் கடைசி தபா. இதுவும் ஆவலன்னா பேசாம மடிப்புல குந்து. படிச்சது இன்னா, ஓடியா பூடும்?"

மடிப்பு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பின்கட்டில் நாலு விசைத்தறி. அண்ணன் ஓட்டுகிறான். துண்டுதான் பெரும்பாலும். தறியிலிருந்து இறங்கிய துண்டுகளை வெட்டி, ஓரம் பார்த்து, மடித்து, டஜன் டஜனாக அடுக்க வேண்டும். பத்து வயதிலிருந்து நான் செய்த வேலை அது. சத்தத்தில் பேச முடியாது, பஞ்சு தொண்டைக்குள் போகும், கழுத்து பிடித்துக்கொள்ளும். அந்த வேலையைக் கேவலமென்று சொல்லவில்லை. அதில்தான் நான் படித்தேன், சோறு தின்றேன். ஆனால் சாகும்வரை அங்கேயே உட்கார வேண்டும் என்று நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும். அந்த ஒன்பதாவது டெமோ எனக்கு வெறும் டெமோ இல்லை.

மடிப்பில் ஒரு பழக்கம் உண்டு. துண்டு தறியிலிருந்து நேராக இறங்காது. நெருக்கமில்லாத நெசவு, ஒரு பக்கம் சாய்ந்து கோணலாகிவிடும். அப்படியே மடித்தால் ஓரம் ஓரத்தோடு சேராது. அதனால் மடிப்பதற்கு முன் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து வெடுக்கென்று இழுப்போம். "மூலைக்கு மூலை இஸ்" என்று அம்மா கத்துவாள். இழுத்தால் கோணல் நேராகிவிடும். அப்புறம் மடித்தால் கச்சிதமாகப் பொருந்தும். ஒரு நாளைக்கு நூறு தடவை இருநூறு தடவை செய்து செய்து, கோணலைக் கண்டாலே கை இழுத்துவிடும், இழுக்கிறோம் என்பதே தெரியாது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அதுதான்.

டெமோவுக்கு டி.எல்.எம். கொண்டுவாருங்கள் என்று செய்தி அனுப்பியிருந்தார்கள். பாடம் நடத்த உதவும் பொருளுக்கு எங்கள் பக்கத்து வாத்தியார்கள் வைத்திருக்கும் பெயர் அது. எல்லோரும் தெர்மாகோல் அட்டையில் ஜிகினா ஒட்டிக் கொண்டுவருவார்கள், எட்டு தடவை பார்த்தாயிற்று. நான் துணியில் வெட்டினால் பெரிதாக, பளிச்சென்று, கடைசி பெஞ்சு வரைக்கும் தெரியுமே என்று யோசித்தேன். கழிவுத் துண்டுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமா? பாடத்தை ஒரு வாரமாகக் காலண்டர் தாளில் வெட்டி மடித்துப் பழகியிருந்தேன். துணியில் வெட்டியது முந்தைய நாள் சாயந்திரம்தான். வெட்டி, இஸ்திரி போட்டு, பையில் வைத்தேன். மடித்துப் பார்க்கவில்லை. காகிதத்தில்தான் பார்த்தாயிற்றே என்ற மிதப்பு.

பள்ளியில் மூன்று பேர் எனக்கு முன்னால். இரண்டு தெர்மாகோல், ஒரு லேப்டாப். வராந்தாவில் நான் நடந்த நடையில் ஆயம்மா ஒருத்தி வந்து, "பாத்ரூம் அந்தப் பக்கம்" என்று கை காட்டினாள்.

கடைசி பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். பிரின்சிபால், குண்டூர்ப் பக்கத்துக்காரர், தாவரவியல் படித்தவர், தமிழ் ஒரு சொல் தெரியாது. பக்கத்தில் இங்கிலீஷ் டீச்சர் ஒருவர், அவர் அனந்தபூர். இன்னொருவர் நிர்வாகத்து ஆள், முழு நேரமும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு தெரிந்தவர் யாருமில்லை. கணக்கு வாத்தியார் போய்விட்டதால்தானே இந்த டெமோவே.

பாடம் தொடங்கியதும் என் கால் ஓரிடத்தில் நின்றுவிட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான். போர்டு முன்னால் நின்றால் நான் வேறு ஆள். சதுரத்தை எடுத்தேன். நேராக மடித்தேன், குறுக்காக மடித்தேன், இரண்டு மூலைவிட்டத்திலும் மடித்தேன். நாலு கோடு. செவ்வகத்தைக் காட்டி எத்தனை என்றேன். வகுப்பே நாலு என்று கத்தியது. மூலைவிட்டத்தில் மடித்துக் காட்டினேன். இரண்டு மூலை முயல் காது மாதிரி வெளியே நீட்டிக்கொண்டது. ஒரே சிரிப்பு.

"பாதியும் பாதியும் சமம்தானே? அப்புறம் ஏன் பொருந்தவில்லை?" என்று தெலுங்கில் கேட்டேன். யோசித்தார்கள். "அளவு சமமாக இருந்தால் மட்டும் போதாது. கோட்டில் மடித்தால் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே உட்கார வேண்டும். உட்கார்ந்தால்தான் அது சமச்சீர்க் கோடு" என்றேன். செவ்வகத்துக்கு இரண்டு. முக்கோணத்துக்கு மூன்று. வட்டத்துக்கு எண்ணத் தொடங்கிய ஒருவன் முப்பதைத் தாண்டியும் நிறுத்தவில்லை, "எண்ணி முடியாதுடா" என்று அவனை உட்கார வைத்தேன். பிரின்சிபால் சிரித்தார். ஆஹா, இந்தத் தடவை கிடைத்துவிடும் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

இணைகரத்தைக் கடைசிக்கென்று வைத்திருந்தேன். பாடத்தின் உயிரே அதுதான். தள்ளிவிட்ட செவ்வகம் மாதிரி சாய்ந்து நிற்கும், பார்க்க அழகு, நடுவில் வெட்டினால் சம பாதி. எல்லோரும் இரண்டு கோடு என்பார்கள். மடித்துப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. சைபர். அந்த முகங்கள் திகைக்கிற நிமிஷத்துக்காகத்தான் முழுப் பாடத்தையும் கட்டியிருந்தேன்.

மஞ்சள் இணைகரத்தைத் தூக்கிக் காட்டினேன். எத்தனை? "ரெண்டு!" சரி, பார்ப்போம் என்றேன். மூலைகளைப் பிடித்தேன். மடித்தேன்.

பொருந்திவிட்டது.

போச்சுடா என்றது மனசு. ஓரம் ஓரத்தோடு, மூலை மூலையோடு, கடைக்குப் போகிற துண்டு மாதிரி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. பதறிப்போய்ப் பிரித்து, மறுபக்கமாக மடித்தேன். அதுவும் பொருந்தியது. வகுப்பு கை தட்டியது. "ரெண்டு! ரெண்டு!" பிரின்சிபால் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கோ கோணலாக இருக்க வேண்டிய கூடம் நேராகிவிட்டது. அந்த ஒரு கணம், சத்தியமாகச் சொல்கிறேன், படித்ததெல்லாம் தப்போ என்று சந்தேகம் வந்துவிட்டது. கண் முன்னால் பொருந்துகிறதே! கை தன்னால் போர்டுக்குப் போனது. இணைகரம், 2 என்று எழுதிவிட்டேன்.

அப்போது ஜன்னலோரப் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். எண்ணெய் வழிய வாரிய இரட்டைப் பின்னல், ஒட்டின கன்னம். அதுவரை வாயே திறக்காதவள், படபடவென்று தமிழில் கொட்டினாள். அதுவும் எங்கள் நகரித் தமிழ்.

"மேடம், நீங்க இஸ்கிறீங்க! மடிக்கசொல்ல மூலைய இஸ்கிறீங்க. எங்கூட்லயும் துண்ட இப்டித்தான் இஸ்து மடிப்பாங்க. இஸ்தா கோணல் நேராய்டும் மேடம். இப்ப அது வேற ஷேப்பு."

எனக்கு உச்சந்தலையில் அடித்தது போல இருந்தது. அவள் சொன்னதும்தான் என் கையைப் பார்த்தேன். இரண்டு கட்டைவிரலும் இன்னும் எதிரெதிர் மூலையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன. மடிப்பதற்கு முன் மூலைக்கு மூலை இழுத்திருக்கிறேன். இணைகரத்தைச் செவ்வகமாக்கி, அதை மடித்திருக்கிறேன். கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

"ஏமண்டுந்தி?" என்றார் பிரின்சிபால். என்ன சொல்கிறாள் என்று கேட்கிறார். அவருக்குப் புரியவில்லை. பக்கத்து இரண்டு பேருக்கும் புரியவில்லை.

உண்மையைச் சொல்ல ஒரே வரிதான் வேண்டும். நான் இழுத்துவிட்டேன் சார், பிள்ளை சொல்வதுதான் சரி. நாக்கு வரைக்கும் வந்தது. கூடவே தறிச் சத்தமும் வந்தது, பஞ்சும் வந்தது, நைனா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்ன பேச்சும் வந்தது. நான் சுத்தமான தெலுங்கில் சொன்னேன்: "தானும் மடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்கிறாள் சார். நேரமாகிவிட்டது, அப்புறம் கொடுக்கிறேன்."

அப்புறம் அவள் பக்கம் திரும்பி, "கூர்ச்சோ" என்றேன். உட்கார் என்பதை எவ்வளவு அதட்டிச் சொல்ல முடியுமோ அவ்வளவு அதட்டி.

உட்கார்ந்தாள். ஆனால் அவளுக்குத் தெலுங்கும் தெரியுமே! தான் சொன்னது என்ன, நான் சொன்னது என்ன, இரண்டும் தெரிந்த ஒரே முகம் அந்த வகுப்பில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். மறைத்ததை அவள் பார்த்துவிட்டாள்.

வெளியே வந்ததும் பிரின்சிபால், "சால பாகுந்தி மேடம்" என்றார், ரொம்ப நன்றாக இருந்தது என்று. "விஷயம் எல்லோருக்கும் தெரியும். கன்ட்ரோல்தான் முக்கியம். குறுக்கே எழுந்த பெண்ணை எப்படி ஒரே சொல்லில் உட்கார வைத்தீர்கள்! அதுதான் எனக்குப் பிடித்தது." மறுநாள் காலையில் போன் வந்தது. ஒன்பதாவது இடத்தில் நிஜமாகவே போன் செய்தார்கள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சேர வேண்டும். முதல் மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடிக்கவில்லை என்றால் அனுப்பிவிடுவார்கள்.

நைனா மைசூர்பாகு வாங்கித் தெருவுக்கே கொடுத்தார். மடிப்பில் என் இடத்துக்கு அண்ணன் அன்றைக்கே வேறொரு அம்மாவை உட்கார வைத்துவிட்டான். நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. எல்லோரும் அதைச் சந்தோஷம் என்று நினைத்தார்கள்.

சேர்வதற்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் நான் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு மாடிக்குப் போவேன், மாடியில் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் இறங்குவேன், பால் பொங்கியிருக்கும். கிடைத்த காகிதத்தையெல்லாம் இணைகரமாக வெட்டினேன். காலண்டர் தாள், கல்யாணப் பத்திரிகை, கரண்ட் பில். நேராக மடி, குறுக்காக மடி, மூலைவிட்டத்தில் மடி. எதிலும் பொருந்தவில்லை. காகிதம் இழுபடாது. அது சொன்ன சொல் மாறாது. சைபர், சைபர், சைபர். வீடெல்லாம் குப்பை.

"இன்னாத்துக்கு இப்டி கத்திரிச்சிக்கினு கீறே?" என்றார் நைனா. அவரிடம் சொல்லிவிட்டேன். முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இஸ்தா இன்னாம்மா தப்பு? துணின்னா இஸ்கத்தான் செய்யணும். இஸ்காம எப்டி நேராவும்?"

"துண்டுக்கு சரி நைனா. கணக்குக்கு இல்ல."

"வேலை கெட்ச்சிச்சா இல்லியா? கணக்க வுடு."

"அதில்ல நைனா!" என்று கத்திவிட்டேன். "அந்தப் பொண்ணு சரியா சொல்லிச்சி. நான் பொய் சொல்லி குந்த வெச்சிட்டேன். நம்ம பாஷைல சொன்னத அந்தாளுக்கு மாத்தி சொல்லிட்டேன். அதுக்குப் புரியாதுன்னா நெனைக்கிறே?"

நைனா கீழே கிடந்த காகிதத் துண்டுகளைப் பொறுக்கினார். அப்புறம், "சின்னப் புள்ள. மறந்துடும்" என்றார். சரி, மறந்துவிடும் என்று நானும் நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது.

முதல் நாள். ஆறாம் வகுப்பு நோட்டுகள் என் மேஜையில் அடுக்கியிருந்தன. நான் வருவதற்கு முன்னால் அந்த இங்கிலீஷ் டீச்சர்தான் கணக்கும் பார்த்துக்கொண்டாராம். கணக்கு தெரியாதவர், பாவம், என்ன செய்வார்? டெமோ அன்றைக்கு என் போர்டைப் போட்டோ எடுத்து வைத்திருந்தார். அதை வைத்தே பரீட்சை வைத்துத் திருத்தியிருக்கிறார். தப்பாக எழுதியவர்கள் சரியான பதிலைப் பத்துத் தடவை எழுத வேண்டும் என்பது அந்தப் பள்ளிச் சட்டம்.

ஒவ்வொரு நோட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லோரும் 2 என்று எழுதி டிக் வாங்கியிருந்தார்கள். ஒரே ஒரு நோட்டில் 0 என்று இருந்தது. அதன் மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி. கீழே பத்து வரி. இணைகரத்துக்கு இரண்டு சமச்சீர்க் கோடுகள் உண்டு. இணைகரத்துக்கு இரண்டு சமச்சீர்க் கோடுகள் உண்டு. முதல் வரியில் பேனாவை அழுத்திய அழுத்தத்தில் தாள் கிழிந்திருந்தது. மூன்றாவது வரியிலும் கோபம் தெரிந்தது. பத்தாவது வரியில் கையெழுத்து முத்து முத்தாக, அழகாக இருந்தது. அந்தப் பத்தாவது வரிதான் என்னைக் கொன்றது.

நோட்டை மூடிவிட்டு எழுந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். மூன்று மாதம் ஒழுங்காக ஓட்டிவிட்டு அப்புறம் சொல்லலாமே என்று ஒரு புத்தி சொன்னது. பாடத்தை மெதுவாகத் திருப்பி நடத்தி, யாருக்கும் தெரியாமல் 2-ஐ 0 ஆக்கிவிடலாமே என்று இன்னொரு புத்தி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றால் என் மேல்தான். சீ, இதற்கா பி.எட்.?

மணி அடித்தது. போனேன். கையில் துணி இல்லை, காகிதமும் கத்தரிக்கோலும்தான்.

"டெமோ அன்றைக்கு இணைகரத்துக்கு இரண்டு கோடு என்று எழுதினேன். அது தப்பு" என்று தெலுங்கில் சொன்னேன். சலசலப்பு. எல்லோருக்கும் ஆளுக்கொரு காகித இணைகரம் கொடுத்தேன். மடித்தார்கள். நாலு விதமாக மடித்தும் ஒருவருக்கும் பொருந்தவில்லை. "சைபர் மேடம்" என்று ஒருவன் சந்தேகமாகச் சொன்னான். மூலைவிட்டத்தில் வெட்டச் சொன்னேன். இரண்டு முக்கோணம் வந்தது. ஒன்றை மற்றதன் மேல் வைக்கச் சொன்னேன். மடித்ததில் சேராதது, அரைச் சுற்று திருப்பி வைத்ததும் அச்சாகச் சேர்ந்தது. "பாருங்கள், இரண்டும் சமம்தான். ஆனால் திருப்பினால்தான் சேரும். மடித்தால் சேராது. அதனால் கோடு இல்லை."

வாசலில் நிழல் தெரிந்தது. பிரின்சிபால் ரவுண்ட்ஸ் வந்து நின்றிருந்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பாடம் திருத்தியாயிற்று. ஆனால் அந்தப் பெண் காகிதத்தை மடிக்கவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அன்றைக்கு நான் துணியை இழுத்தேன், அதனால்தான் பொருந்தியது" என்றேன். "இந்தப் பாப்பா அப்போதே அதைச் சொன்னாள். இழுக்கிறீர்கள் என்று தமிழில் சொன்னாள். சார் என்னவென்று கேட்டார். நான் பொய் சொன்னேன்."

பிரின்சிபால் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், போய்விட்டார்.

இன்டர்வெல்லில் கூப்பிட்டு அனுப்பினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "தப்பைத் திருத்துங்கள் மேடம், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைப் பிள்ளைகள் முன்னால் இப்படியா சொல்வார்கள்? நாளைக்கு ஒவ்வொரு கணக்குக்கும் எழுந்து நிற்பார்கள். முதல் நாளே கன்ட்ரோலை விட்டுவிட்டீர்கள். என்னிடம் பொய் சொன்னது வேறு. சனிக்கிழமை நிர்வாகம் வருகிறது, பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்றார். சரி சார் என்று வெளியே வந்தேன். வராந்தா முழுக்க இரண்டு தடவை நடந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் குழாயடியில் டிபன் டப்பா கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"நகரியாம்மா?" என்றேன்.

"ஆமா மேடம். இங்க மாமா வூட்ல கீறேன்." டப்பாவைக் கவிழ்த்துத் தண்ணீரை உதறினாள். அப்புறம் நிமிர்ந்து நேராகக் கேட்டாள். "அன்னிக்கு ஏன் மேடம் அப்டி சொன்னீங்க?"

குழந்தைக்குச் சொல்கிற சமாதானம் ஒன்றும் என் வாயில் வரவில்லை. "வேலை வேணும்னும்மா" என்றேன்.

தலையாட்டினாள். அது அவளுக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது. பிரின்சிபால் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"இப்ப பூடுமா மேடம்?"

"தெர்லம்மா. சனிக்கிழமை சொல்வாங்க."

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வகுப்புக்குள் ஓடினாள். போய்விட்டாள் என்று நினைத்தேன். நோட்டோடு திரும்பி வந்தாள். அந்தப் பத்து வரிப் பக்கத்தைப் பிரித்து, பேனாவையும் சேர்த்து நீட்டினாள்.

"இத அட்ச்சி இப்பவே சைன் போட்டுக் குடுங்க மேடம். நீங்க பூட்டீங்கன்னா, அடுத்து வர்றவங்க மறுபடியும் எழுதச் சொல்லுவாங்க."

குழாய்த் திட்டின் மேலேயே நோட்டை வைத்து, பத்து வரியையும் ஒவ்வொன்றாக அடித்தேன். சிவப்புப் பெருக்கல் குறியையும் அடித்துவிட்டு, அவள் எழுதிய 0-க்குப் பக்கத்தில் சரி என்று எழுதி, என் முழுப் பெயரையும் போட்டுக் கொடுத்தேன்.